ஆசிரியர்களுக்கு: இளையோர் நாவல் படித்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது?

உசிலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய நாவல்களைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். பாடத்துக்காக இல்லை, எனக்காக. படிக்கப் படிக்க ஒரு விஷயம் விடாமல் உறுத்துகிறது. இந்தக் கதைகளில் வருகிற வாத்தியார்கள்தான் அது. கதை சொல்வது பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் பெஞ்சிலிருந்து பார்த்தால் நாம் எப்படித் தெரிகிறோம் என்று எந்தப் பயிற்சி முகாமும் எனக்குக் காட்டியதில்லை. இந்த நாவல்கள் காட்டுகின்றன.

முதலில் படித்தது எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967இல் வந்தது. எழுத ஆரம்பித்தபோது அந்தப் பெண்ணுக்கு 15 வயது, புத்தகமாக வந்தபோது 18. ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊர். வசதியான வீட்டுப் பையன்கள் ஒரு கோஷ்டி, எண்ணெய் தடவி முடி வளர்த்த ஏழைப் பையன்கள் இன்னொரு கோஷ்டி. கதையைச் சொல்கிற போனிபாய் ஏழைக் கோஷ்டி, 14 வயது. அப்பா அம்மா கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். மூத்த அண்ணன் டேரிக்கு இருபதுதான். படிப்பை விட்டுவிட்டுக் கூரை போடும் வேலைக்குப் போய்த் தம்பிகளைக் காப்பாற்றுகிறான். ஒருநாள் தம்பி நடுராத்திரி தாண்டி வீட்டுக்கு வருகிறான். அண்ணன் அறைந்துவிடுகிறான். தம்பி வீட்டை விட்டு ஓடுகிறான். கத்திக்குத்து, கொலை, பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருப்பது எல்லாம் அதற்கப்புறம்தான்.

இதை ஒன்பதாம் வகுப்பில் தமிழில் கதையாகச் சொன்னேன். கொலை நடக்கிற இடத்தைப் பற்றித்தான் நிறையக் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் அண்ணன் அறைந்த அந்த ஒரு இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அண்ணன் அடித்தது சரியா, தப்பா என்று மணி அடிக்கும்வரை சண்டை. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அண்ணனோ அக்காவோ திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து சொன்னான்: "அந்த அண்ணனுக்கும் தூக்கம் வந்திருக்கும்ல டீச்சர். காலையில கூரை மேல ஏறணும்ல."

டேரியை நான் அப்படிப் படித்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் திரும்பவும் படித்தேன்.

என்னை அதிகம் உலுக்கியது கடைசிப் பக்கங்கள். போனிபாய் எல்லாப் பாடத்திலும் கீழே போய்க்கொண்டிருக்கிறான். சைம் என்ற ஆங்கில ஆசிரியர் கூப்பிடுகிறார். ஒரு கட்டுரை எழுதிக் கொடு, நன்றாக இருந்தால் பாஸ் போடுகிறேன் என்கிறார். தலைப்பு உன் இஷ்டம், நீளமும் உன் இஷ்டம். பையன் உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கிறான். அவன் எழுதுகிற முதல் வரி நாவலின் முதல் வரி. நாம் இவ்வளவு நேரம் கையில் வைத்துப் படித்தது அந்த ஆசிரியருக்குப் போகவேண்டிய கட்டுரை நோட்டு! சைம் சார் கதையில் வருவது இரண்டொரு பக்கம்தான். ஆனால் அவர் தலைப்பைக் கொடுத்திருந்தால் இந்தக் கதை வெளியே வந்திருக்காது.

நீங்களும் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் கொஞ்சம் போதும். படிக்கும்போது ஆசிரியராக உங்களுக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு வேண்டும்.

கல்லுப்பட்டி தமிழ்

டீச்சர், அந்த நோட்டு விஷயம் எனக்கு நேராக வந்து பட்டது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் எட்டு மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்புகளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரைக்கும் உள்தலைப்புகள் வரிசையாக இருக்கும். பிள்ளை அதற்கு நடுவே இட்டு நிரப்பினால் போதும். மெல்லக் கற்கும் மாணவருக்கு அது உதவுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷப் படிப்பில் தலைப்பு இல்லாத ஒரு வெள்ளைத் தாளை ஒரு தடவையாவது அவன் கையில் கொடுக்கிறோமா?

நான் சொல்ல வந்தது பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த நாவல், கரிசல் மண். கடைகளில் இதை இளையோர் நாவல் என்று யாரும் அடுக்கிவைப்பதில்லை. ஆனால் மையத்தில் இருப்பவன் 15 வயசுச் சிதம்பரம். அண்ணனைக் கொன்ற நிலக்காரனின் கையை வெட்டத்தான் போகிறான், ஆள் செத்துப்போகிறான். அதற்கப்புறம் அப்பாவும் மகனும் மலை, காடு, ஆற்றங்கரை என்று ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பையன், இங்கேயும் ஒரு பையன். இரண்டு பேரும் ஒளிகிறார்கள். அங்கே பையனுக்குத் துணை இன்னொரு பையன். பெரியவர்கள் யாரும் உடன் இல்லை. இங்கே அப்பா கூடவே வருகிறார். சோறு ஆக்கிக் கொடுக்கிறார், தன் பழைய கதையைச் சொல்கிறார். நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று அவனைக் குடைவதில்லை. உறவெல்லாம் அவன் பின்னால் நிற்கிறது. அந்தக் குடும்பத்தின் அன்பு என்னை நெகிழ வைத்தது, அதே நேரம் பயமுறுத்தவும் செய்தது. எங்கள் பள்ளியிலும் அப்படி வீட்டார் முழுசாகப் பின்னால் நிற்கிற பையன்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மட்டும் அவர்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லை. 'வெக்கை'யிலும் பையனைத் தேடி ஒரு வாத்தியார் வரவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிள்ளைகள் "கதை தெரியும் சார், 'அசுரன்' பார்த்துட்டோம்" என்பார்கள். 2019இல் வந்த அந்தப் படம் அப்பாவின் கதை. நாவல் பையனுடையது. இரண்டையும் பார்த்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நல்ல விவாதம் கிளம்பும்.

திருநகர் ஐயா

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இழையை மரியாதையோடு படித்தேன், ஆனால் உடன்பட முடியவில்லை.

சைம் போன்றவரைப் பாராட்டுவது சுலபம். நமக்கு வகுப்புக்கு ஐம்பது பேர். கட்டுரை நோட்டோடு மொழிப்பயிற்சி நோட்டு, தேர்வுத் தாள், இணையத்தில் ஏற்றவேண்டிய விவரம் எல்லாம் இருக்கின்றன. இதற்கு நடுவில் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் யார் உட்கார்ந்து படிப்பது? படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது எழுதாததைவிடக் கொடுமை.

இரண்டாவது, கத்தி, பழிவாங்கல், காதல். கிராமத்தில் ஒரு பெண் பிள்ளையின் பையில் காதல் வருகிற கதைப் புத்தகத்தைப் பார்த்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வாரத்தில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். படிப்பு நின்றுபோனால் நாவல் எதற்கு?

ஆசிரியர் படிக்கவேண்டிய கதை என்றால் எனக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒன்று போதும். சின்னப் பிரசுரமாகக் கைக்குக் கை மாறி வந்த கதை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை. அடி வலிக்காமல் இருக்க மருந்து கண்டுபிடிக்கப் போய் உயிரை விடுகிறாள். கதையைச் சொல்வது அவளுடைய ஆசிரியை. அதைப் படித்த அன்று பிரம்பைத் தொட எனக்குக் கை வரவில்லை.

மேலமாசி வீதி

ஐயாவுக்கு வணக்கம். நான் மதுரை டவுனில் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். நாவல் படிக்கிற பழக்கம் இல்லாதவள். தோழி ஒருத்தி கொடுத்த 'ஸ்பீக்' மட்டும் படித்தேன். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதியது, 1999.

மெலிண்டா ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறாள். யாரும் அவளோடு பேசுவதில்லை. லீவில் நடந்த ஒரு விருந்துக்குப் போலீஸைக் கூப்பிட்டவள் அவள்தான் என்று எல்லோருக்கும் கோபம். ஏன் கூப்பிட்டாள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அங்கே ஒரு மூத்த மாணவன் அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான். அதை அவளால் சொல்ல முடியவில்லை. வருஷம் ஓட ஓடப் பேச்சு குறைகிறது. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். பள்ளியில் யாரும் பயன்படுத்தாத ஒரு துப்புரவு அறையில் போய் ஒளிந்துகொள்கிறாள். மார்க் இறங்குகிறது. பெற்றோரை வரவழைத்து மீட்டிங் போடுகிறார்கள். மீட்டிங்கில் பேசுவதெல்லாம் மார்க்.

எனக்கு அந்த மீட்டிங் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஏனென்றால் அது எங்கள் மீட்டிங். "ரொம்ப அமைதியான பிள்ளைங்க, ஒரு தொல்லை கிடையாது" என்று பெற்றோரிடம் பாராட்டாகச் சொல்கிறோம். போன வருஷம் வாயாடியாக இருந்தவள் இந்த வருஷம் அமைதியானால் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தால் புகார் கொடுத்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளை சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சொல்வதற்கு முன்னால் அவள் தனியாகக் கடக்கிற மாதங்கள் இருக்கின்றனவே, அவற்றை எனக்குக் காட்டியது இந்த நாவல்தான்.

அதில் ஓர் ஓவிய ஆசிரியர் வருகிறார். வருஷத் தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொல்கிறார். அவளுக்கு வருவது மரம். வருஷம் முழுக்க மரம் மட்டும்தான் செய்ய வேண்டும். அவர் அவளைத் தோண்டித் துருவிக் கேட்பதில்லை. செய்ததைப் பார்க்கிறார், இன்னும் உயிர் வரவில்லை, திரும்பச் செய் என்கிறார். கடைசியில் அவள் வாய் திறப்பது அவரிடம்தான். நான் கணக்கு டீச்சர், என் பாடத்தில் மரத்துக்கு இடமில்லை. ஆனால் நோட்டைத் திருத்தும்போது எண்ணைத் தவிர வேறு எதையாவது பார்க்கிறேனா என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது. இப்போது வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு யார் குரல் குறைந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

வண்டியூர் அம்மா

நான் டீச்சர் இல்லை, மகள் எட்டாவது படிக்கிறாள். மேலமாசி வீதி மேடம் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் புத்தகத்தை அவளுக்குக் கொடுக்கலாமா? பயந்துவிட மாட்டாளா?

மேலமாசி வீதி

இப்போது வேண்டாம் அக்கா, கொஞ்சம் பெரியவள் ஆகட்டும். நீங்கள் முதலில் படியுங்கள். எட்டாவதுக்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இருக்கிறது. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசும். தப்பான தொடுதலைப் பற்றி மிரட்டாமல் சொல்கிற கதை. இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம்.

கிளை நூலகர்

நூலகர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எட்டாவது வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள், படக்கதை எடுப்பார்கள். ஒன்பதாவது வந்ததும் சிறுவர் பகுதியில் உட்காரப் பையன்களுக்குக் கூச்சம். பெரியவர் பகுதிக்கு வந்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றுவார்கள். அப்புறம் செய்தித்தாளில் சினிமாப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்து அவர்கள் நூலகத்துக்குள் வருவது டிஎன்பிஎஸ்சி கைடு தேடித்தான். 2023 ஜூலையில் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு குழந்தைகள் பகுதியில் கூட்டம் அள்ளுகிறது, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் 13 வயசுக்கும் 17 வயசுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு அலமாரியை நிரப்பும் அளவுக்குப் புத்தகம் இன்னும் சேரவில்லை. அந்த வயசில் விட்டவர்கள் திரும்பி வருவது கஷ்டம்.

உசிலை டீச்சருக்கு ஒரு தகவல். 'தி அவுட்சைடர்ஸ்' கதையை 1983இல் ஹாலிவுட் இயக்குநர் கொப்போலா படமாக எடுத்தார். அதற்குக் காரணம் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் பிள்ளைகளும் சேர்ந்து அவருக்கு எழுதிய கடிதம். எங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் எழுதிப் பார்க்க ஆசைதான்.

திருப்புவனம் சார்

தமிழில் அலமாரி நிரம்பவில்லை என்பது உண்மை, ஆனால் வர ஆரம்பித்துவிட்டது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடிக்கு வருகிற ஒரு பையன் பழைய காலத்து ஆதனைச் சந்திக்கிறான். எங்கள் பள்ளியிலிருந்து கீழடி சைக்கிள் தூரம். ஆதன் என்ற பெயரை நாவலுக்காகத் தேடிப்பிடிக்க வேண்டியதே இல்லை, கீழடிப் பானை ஓட்டிலேயே பொறித்திருக்கிறது.

வகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமாகப் படித்தேன். முடிப்பதற்குள் ஒரு பையன் டிபன் டப்பாவில் ஓடு கொண்டுவந்துவிட்டான். கொந்தகைப் பக்கம் அவர்கள் வயலில் உழும்போது எப்போதும் வருவதாம், வரப்பில் வீசிவிடுவார்களாம். கறுப்பும் சிவப்புமாக விளிம்பு ஓடு. அதை வகுப்பு முழுக்கக் கை மாற்றிப் பார்த்தார்கள். இதுவரை வாசிக்கத் தடுமாறுவான் என்று நான் கடைசி பெஞ்சில் வைத்திருந்த பையன் அவன். அன்று அவன்தான் பேசினான், நாங்கள் கேட்டோம். ஓட்டை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

எனக்கு ஆனது இதுதான். வரலாற்றை நான் பாடமாக நடத்தும்போது அது எங்கேயோ நடந்தது. நாவலாகப் படித்தபோது அவனுடைய வயலில் நடந்தது.

பி.எட். மாணவி

நான் இன்னும் டீச்சர் ஆகவில்லை, பெஞ்சிலிருந்து எழுந்து ரொம்ப நாளும் ஆகவில்லை. அதனால் ஒரு வேண்டுகோள். இந்த நாவல்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பின்னாலேயே கேள்வி கொடுக்காதீர்கள். "இக்கதையின் வழி நீ அறிந்த நீதி யாது" என்று ஒரு கேள்வி வந்த நிமிஷம் அந்தப் புத்தகம் எங்களுக்குச் செத்துப்போகும். துணைப்பாடத்தில் வந்த எத்தனையோ நல்ல கதைகள் எனக்கு அப்படித்தான் போயின. காலேஜ் வந்து திரும்பப் படித்தபோதுதான் அழுதேன்.

பத்தாவதில் எங்கள் டீச்சர் ஒருவர் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பார். எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் மூடிவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அந்தப் புத்தகத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள எங்கள் வகுப்பே அலைந்தது.

உசிலை டீச்சர்

ஐயா, உங்கள் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்.

பெண் பிள்ளையின் பையில் புத்தகம் கண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் அது நாள்தோறும் இருக்கிற பயம். அதனால்தான் நான் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பவில்லை, வகுப்பில் வாய்வழியாகச் சொல்கிறேன். பொம்பளைப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு முன்னால் எந்தக் கதையைச் சொல்ல முடியுமோ அதைத்தான் சொல்கிறேன். 'ஸ்பீக்' போன்றதை வகுப்பில் எடுக்கமாட்டேன். அது நாம் படிக்கவேண்டியது.

ஆனால் கத்தியைப் பற்றி நான் மாறுபடுகிறேன். கத்தி நாவலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. ஹின்டன் கதையில் ஒருவன் எந்தக் கோஷ்டி என்று தலைமுடி சொல்லும். எங்கள் பள்ளியில் கயிற்றின் நிறம் சொல்லும். கயிறு கட்டாதே என்று நான் சொன்னால் சட்டைக் கைக்குள் ஏற்றிக்கொள்வார்கள். அந்தக் கதையில் எதிர்க் கோஷ்டிப் பெண் ஒருத்தியும் போனிபாயும் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரும் பார்க்கிற அஸ்தமனம் ஒன்றுதான் என்று அவனுக்குப் புரிகிற இடம். அதைச் சொன்னபோது வகுப்பில் இரண்டு பக்கத்துப் பையன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே கதையை. வேறு எந்தப் பேச்சுக்கும் அப்படி நடந்து நான் பார்க்கவில்லை.

திருத்துகிற விஷயத்தில் உங்கள் கணக்கு சரி. ஐம்பது நோட்டை ஒரே மூச்சில் படிக்க முடியாது. எனக்குத் தோன்றுவது, வாரத்துக்கு ஐந்து பேர். தலைப்பு கிடையாது, மார்க் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. படித்துவிட்டுக் கீழே இரண்டு வரி பதில் எழுதுவது. அவ்வளவு என்னால் முடியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆரம்பிக்கப்போகிறேன்.

திருநகர் ஐயா

வாரத்துக்கு ஐந்து பேர் என்றால் என் ஆட்சேபத்தில் பாதி போய்விட்டது அம்மா. மீதிப் பாதி இருக்கிறது. பதில் எழுதுகிற ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை எழுதுவதைத் தாங்குகிற மனசு வேண்டும். பயிற்சி இல்லாமல் எல்லோரையும் இதில் இறக்கிவிட முடியாது. ஒரு பிள்ளை வீட்டில் நடப்பதை எழுதிவிட்டால் அதை ஸ்டாஃப் ரூமில் கதையாகப் பேசாத ஆசிரியர்தான் இதைத் தொட வேண்டும். இதை நீங்கள் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

'வெக்கை'யை நான் படித்ததில்லை. சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'அஞ்ஞாடி'யைத்தான் ஆரம்பித்துப் பாதியில் வைத்திருக்கிறேன். கல்லுப்பட்டித் தம்பியிடம் பிரதி இருந்தால் தரவும். எழுத்து பெரியதாக இருந்தால் நல்லது.

மேலமாசி வீதி

ஐயா சொன்ன விதி ரொம்ப முக்கியம். அதோடு இன்னொன்று. புகார் கொடுத்தே ஆகவேண்டிய விஷயத்தைப் பிள்ளை எழுதிவிட்டால் நாம் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. அதையும் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள் டீச்சர். நம்பி எழுதியவளுக்குப் பின்னால் ஏமாற்றமாகத் தெரியக் கூடாது.

உசிலை டீச்சர்

சரி மேடம். முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஐயாவின் விதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

கல்லுப்பட்டி தமிழ்

ஐயா, பிரதி இருக்கிறது, எழுத்து சுமார்தான், கண்ணாடி எடுத்து வையுங்கள். சனிக்கிழமை காலை புது நத்தம் ரோடு நூலகத்துக்கு வருகிறேன். திருநகர் வழியாகத்தான் வரவேண்டும், பஸ் ஏறாதீர்கள், வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன். பி.எட். தங்கச்சி, அந்த வேப்பமரத்தடி டீச்சர் படித்த புத்தகத்தின் பெயர் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லாமலே விட்டுவிட்டாயே.